மாத்திரைக்கு இருக்கும் கட்டுப்பாடு டிவிக்கு ஏன் இல்லை?

ஹப்சிகுடாவில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷன் என்.ஜி.ஆர்.ஐ., அதற்கடுத்தது ஸ்டேடியம். உப்பல் மைதானத்தில் சன்ரைசர்ஸ் ஆடும் நாளென்றால் மத்தியானத்திலிருந்தே ஆரஞ்சு ஜெர்சிக் கூட்டம் ரயிலை அடைத்துக்கொள்ளும். டிக்கெட் கிடைக்காதவர்களும், கிடைத்தாலும் முழங்கால் ஒத்துழைக்காதவர்களும் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறோம். இரண்டு ஸ்டேஷன் தள்ளி நடக்கிற ஆட்டத்துக்கு எந்த ஆப்பைத் திறப்பது என்பதை எங்கள் அப்பார்ட்மென்டில் பலர் திரும்பத் திரும்பக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஹாட்ஸ்டார் 2015-ல் வந்தது. 2020 ஏப்ரலில் அதன் முன்னால் டிஸ்னி பிளஸ் ஒட்டிக்கொண்டது. 2022 வரை ஐ.பி.எல். அங்கேதான். 2023-ல் இணைய உரிமை வயாகாம்18 கைக்குப் போனது. ஆட்டம் ஜியோ சினிமாவுக்கு மாறியது, அதுவும் இலவசமாக. அதே ஆண்டு வூட் என்ற இன்னொரு ஆப்பும் ஜியோ சினிமாவுக்குள் கரைந்தது. 2024 நவம்பரில் ரிலையன்ஸும் டிஸ்னியும் இந்தியாவில் தங்கள் பொழுதுபோக்குத் தொழிலை இணைத்து ஜியோஸ்டார் என்ற நிறுவனத்தை அமைத்தன. 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோ ஹாட்ஸ்டார் பிறந்தது. இத்தனை மாற்றத்துக்கும் நடுவில் டிவி சேனல் பக்கம் மட்டும் 2018-லிருந்து ஸ்டார் ஸ்போர்ட்ஸ். அங்கே யாருக்கும் எந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

இதில் ஹெச்.பி.ஓ. தொடர்கள் போட்ட வட்டம் தனிக் கதை. 2023 மார்ச் கடைசியில் அவை ஹாட்ஸ்டாரிலிருந்து விலகின. மே மாதம் ஜியோ சினிமாவில், வருடத்துக்கு 999 ரூபாய் என்ற பிரீமியம் திட்டத்தில் வந்து சேர்ந்தன. தொடரைத் துரத்திக்கொண்டு வீடு மாறியவர்கள் இரண்டாண்டு கழித்துப் பார்த்தால் பழைய வீடும் புதிய வீடும் ஒன்றாகிவிட்டிருந்தன. திட்டங்களின் பெயரும் சளைத்ததில்லை. 2020-ல் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரில் வி.ஐ.பி. என்றும் பிரீமியம் என்றும் இரண்டு சந்தா. 399 ரூபாய் கட்டுகிறவர் வி.ஐ.பி., 1,499 கட்டுகிறவர் பிரீமியம். வி.ஐ.பி.க்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். அடுத்த ஆண்டு வி.ஐ.பி.யை எடுத்துவிட்டு சூப்பர் என்று ஒன்றை நடுவில் வைத்தார்கள்.

இந்தப் பெயர்கள் வைக்கப்படும் விதம் எவ்வளவு எளிதில் ஊகிக்கக்கூடியது என்பதற்கு 2024 அக்டோபரில் ஒரு வேடிக்கை நடந்தது. இரண்டு நிறுவனங்களும் சேரக்கூடும் என்று முந்தைய ஆண்டே கணக்குப் போட்ட டெல்லி மென்பொருள் இளைஞர் ஒருவர், ஜியோவையும் ஹாட்ஸ்டாரையும் சேர்த்து எழுதி அந்த இணைய முகவரியைத் தன் பெயரில் பதிந்து வைத்திருந்தார். கேம்பிரிட்ஜில் படிக்கும் செலவைக் கொடுத்தால் முகவரியைத் தருகிறேன் என்றும் கேட்டார். கோடிக்கணக்கில் செலவழித்து யோசிக்கிறவர்கள் கடைசியில் எந்தப் பெயரில் வந்து நிற்பார்கள் என்று ஒரு தனி ஆளால் முன்கூட்டியே சொல்ல முடிந்திருக்கிறது.

பெயர் மாறுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கம்பெனிகள் சேரும், பிரியும். டாடா ஸ்கை 2022-ல் டாடா பிளே ஆனது, உலகம் இடிந்துவிடவில்லை. எனக்கு எரிச்சல் வேறிடத்தில். ஒரே பெயரைப் பெட்டிக்கும் வைத்து, ஆப்புக்கும் வைத்து, மாதச் சந்தாவுக்கும் வைத்து, பின்னால் பிளஸ், பிளே, மேக்ஸ் என்று வால் ஒட்டுகிறார்களே, அதில்தான். அது தொழில்முறை எரிச்சலும்கூட.

ஹைதராபாத் மருந்துக் கம்பெனி ஒன்றில் டிரேட்மார்க் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மாயவரத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவளுக்கு அந்த வேலை அமைந்தது தற்செயல்தான். தெலங்கானாவுக்கும் சேர்த்து டிரேட்மார்க் பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில் இருப்பதால், ஒரு தமிழ்க்காரி இருந்தால் வசதி என்று நினைத்தார்களோ என்னவோ. புது மருந்துக்கு மார்க்கெட்டிங் பிரிவு பெயர்ப் பட்டியல் அனுப்பும். அந்தப் பெயர்களை வெட்டுவது எங்கள் வேலை.

ஒரு பெயர் வந்தால் முதலில் வாயால் சொல்லிப் பார்ப்போம். ஸ்டாக்கிஸ்டுக்கு போனில் சொன்னால் அவர் காதில் எப்படி விழும்? தெலுங்குக்காரர் வாயில் எப்படி உருளும், பழைய நகரத்து உருது பேசுகிறவர் எங்கே அழுத்துவார்? பிறகு டாக்டர் கையெழுத்து மாதிரி பால்பாயின்ட் பேனாவால் கிறுக்கி, பெயர் தெரியாத ஒருவரிடம் காட்டி வாசிக்கச் சொல்வோம். பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் எழுத்தை வைத்து ஒரு தேடல், ஒலியை வைத்து ஒரு தேடல். ஒலியில் சிக்கினால் பெயர் போயிற்று, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் ஒரு வழக்கு உண்டு. காடிலா ஹெல்த் கேர், காடிலா பார்மசூட்டிகல்ஸ் என்று இரண்டு கம்பெனிகள், ஒரே குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்தவை. ஒருவர் மலேரியா மருந்துக்கு ஃபால்சிகோ என்று பெயர் வைத்தார், இன்னொருவர் ஃபால்சிடாப். 2001-ல் உச்ச நீதிமன்றம் இதில் வகுத்த நெறி எங்கள் தொழிலுக்கு வேதம். மருந்துப் பெயரில் குழப்பம் வருமா என்று பார்க்கும்போது சாதாரணப் பண்டங்களைவிடக் கடுமையான அளவுகோல் வேண்டும் என்றது நீதிமன்றம். பல மொழி பேசுகிற, எழுத்தறிவு எல்லோருக்கும் எட்டாத நாடு இது. டாக்டரும் கடைக்காரரும்கூடத் தவறலாம். ஆகவே வாங்குகிறவர் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று கைகழுவ முடியாது என்பதுதான் அதன் சாரம்.

அதன் பிறகும் கட்டுப்பாடுகள் வந்தன. 2018-லிருந்து, பெரும்பாலான மருந்து அட்டைகளில், பொதுப்பெயரை வணிகப் பெயரைவிட இரண்டு எழுத்தளவு பெரிதாக அச்சிட வேண்டும். 2019 நவம்பரில் வந்த திருத்தப்படி, இந்தப் பெயரால் சந்தையில் குழப்பமோ ஏமாற்றமோ வராது என்று கம்பெனி உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். படிவம் 51 என்று அதற்குப் பெயர். மருந்துலகம் அப்பழுக்கற்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஓடுகிற பெயருக்கு ஃபோர்ட், பிளஸ், டி.எஸ். என்று வால் ஒட்டி, உள்ளே சரக்கை மாற்றும் வித்தை இன்றும் நடக்கிறது. "மேடம், டாக்டர் மனசுல உட்கார்ந்த பேரு, அதையே விடலாமே" என்று மார்க்கெட்டிங் ஆட்கள் என் மேஜைக்கு வந்து கெஞ்சியதெல்லாம் உண்டு. ஆனால் மறுத்து அனுப்ப எங்கள் கையில் ஒரு சட்டமும் ஒரு தீர்ப்பும் இருந்தன.

திரைப் பக்கம் வருவோம். மாத்திரை மாறினால் உயிர் போகலாம், சந்தா மாறினால் நூற்றைம்பது ரூபாய் போகும். இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் எங்கள் எதிர் வீட்டு டாக்டர்காருவின் பில்லைப் பார்த்தபோது பழைய தொழில் புத்தி விழித்துக்கொண்டது. டாக்டர்காரு என்றால் ஊசி போடுகிற டாக்டர் அல்ல. புவி இயற்பியல் விஞ்ஞானி, பூமிக்கடியில் அலை எப்படி ஓடுகிறது என்று ஆயுள் முழுக்கப் படித்தவர். அவர் வீட்டுக்கு வருகிற ஒரே கம்பெனி பில்லில் நான்கு வரி. கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. முதல் சொல்லை 'அ' என்று வைத்துக்கொள்ளுங்கள். அ பிராட்பேண்ட். அ ஸ்மார்ட் பாக்ஸ். அ பிளே. அ பிளே மேக்ஸ்.

மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது போட்டுவிட்டுப் போனதை நிறுத்திவிடலாம் என்று வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"அ பிளேயை நிறுத்திடுங்கம்மா."

"எந்த பிளே சார்? பாக்ஸ்ல வர்ற பிளேயா, மொபைல்ல வர்ற பிளேயா?"

"ரெண்டும் வேற வேறயா?"

"ஆப் ஒண்ணுதான் சார். சந்தாதான் வேற வேற."

டாக்டர்காரு போனை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நிறுத்தச் சொன்னதை நிறுத்தினார்கள். அடுத்த மாதமும் பணம் போனது. நின்றது மொபைல் சந்தா, ஓடியது பாக்ஸ் சந்தா. கம்பெனி பொய் சொல்லவில்லை, ஒவ்வொரு வரியும் உண்மை. அதனால்தான் புகார் எழுதவும் அவருக்குப் பிடி கிடைக்கவில்லை.

இப்படி மாதா மாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி செய்தி அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து அது கண்டிப்பாக நடக்கிறது. நல்ல விதி. வணிகரின் பெயர், தொகை, தேதி, காரணம் எல்லாம் அந்தச் செய்தியில் இருக்க வேண்டும். ஆனால் நான்கு வரிக்கும் முதல் சொல் ஒன்றாக இருக்கும்போது, வணிகர் பெயரை மட்டும் பார்த்து எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று யார் கண்டுபிடிப்பது?

நம் ஊர் உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஜியோ டிவி என்று ஓர் ஆப், ஜியோ டிவி பிளஸ் என்று இன்னொன்று. 2019-ல் ஏர்டெல் எக்ஸ்ட்ரீம் என்ற பெயர் வந்தபோது பெட்டிக்கும் அதே பெயர், டிவியில் செருகும் குச்சிக்கும் அதே பெயர், ஆப்புக்கும் அதே பெயர், வீட்டு இணைய இணைப்புக்கு எக்ஸ்ட்ரீம் ஃபைபர். பின்னர் எக்ஸ்ட்ரீம் பிளே. டாடா பிளே டிஷ், டாடா பிளே பிஞ்ச், டாடா பிளே ஃபைபர். அமேசானில் பிரைம் வேறு, பிரைம் வீடியோ வேறு. பிரைம் கட்டியவர் பிரைம் வீடியோவுக்குள் போனாலும் சில படங்களுக்கு வாடகை கேட்கும், விளம்பரம் வேண்டாமென்றால் 2025 ஜூனிலிருந்து அதற்குத் தனிக் காசு. ஃபயர் டிவி என்பது குச்சியும் ஆகும், அது உள்ளேயே பொருத்தப்பட்ட டிவியும் ஆகும். உப்பல் ரோட்டு ஷோரூமில் வேறு கம்பெனி டிவியின் அட்டைப்பெட்டியில் கூகுள் டிவி என்று பெரிதாகப் போட்டிருக்கும். கூகுள் டிவி தயாரித்திருக்கிறது என்று நினைத்து வாங்குகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. கூகுள் அந்தப் பெயரை 2010-ல் ஒருமுறை விட்டுப் பார்த்துத் தோற்று, 2014-ல் ஆண்ட்ராய்டு டிவி என்று மாறி, 2020-ல் பழைய பெயரையே தூசு தட்டி எடுத்தது. தன் சினிமா வாடகை ஆப்புக்கும் அதையே சூட்டியது.

பிளஸ் விஷயத்தில் தமிழர்கள் யாருக்கும் பிந்தியவர்கள் இல்லை. டிஸ்னிக்கும் ஆப்பிளுக்கும் பல ஆண்டுகள் முன்பே நமக்கு ராஜ் டிஜிட்டல் பிளஸ் இருந்தது. இங்கே பிளஸ் டூவை இன்டர் என்பார்கள் என்பதால் அந்தக் குழப்பம் மட்டும் எங்களுக்கு இல்லை.

சிகரம் ஆப்பிள்தான். 2007-ல் ஆப்பிள் டிவி என்று ஒரு சின்னக் கறுப்பு... இல்லை, அப்போது அது வெள்ளி நிறம். எப்படியோ, டிவியோடு இணைக்கிற ஒரு பெட்டி. அது டிவி அல்ல. பிறகு அதே பெயரில் ஆப். 2019 நவம்பர் 1-ஆம் தேதி மாதச் சந்தா வந்தபோது அதற்கு ஆப்பிள் டிவி பிளஸ் என்று பெயரிட்டார்கள். அந்தப் பிளஸ்தான் பெட்டியையும் சந்தாவையும் பிரித்துக் காட்டிய ஒரே வேலி. 2025 அக்டோபரில் அதையும் பிடுங்கிவிட்டார்கள். கார் பந்தயப் படம் ஒன்று எந்தத் தேதியில் வருகிறது என்ற அறிக்கைக்குள் ஒரு வரியாக, பிளஸ் இனி இல்லை என்று போகிற போக்கில் சொல்லி முடித்தார்கள். இன்று பெட்டி, ஆப், சந்தா மூன்றும் ஆப்பிள் டிவி. ஆப்புக்குள் வாடகைக்கும் விலைக்கும் இருக்கிற படங்கள் சந்தாவில் சேராது. பெட்டி இல்லாமல் சந்தா வாங்கலாம். சந்தா இல்லாமல் பெட்டி வாங்கலாம். போதாக்குறைக்கு, அந்தச் சந்தாவை பிரைம் வீடியோவுக்குள்ளேயே தனியாகக் காசு கட்டியும் சேர்த்துக்கொள்ளலாம். இப்படி ஒரு கோப்பு என் மேஜைக்கு வந்திருந்தால் மேலட்டையிலேயே எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அமெரிக்காவின் ஹெச்.பி.ஓ. இதில் இன்னொரு பாடம். 2010-ல் ஹெச்.பி.ஓ. கோ, கேபிள் இணைப்பு உள்ளவர்களுக்கு. 2015-ல் ஹெச்.பி.ஓ. நவ், கேபிள் இல்லாதவர்களுக்கு. 2020-ல் ஹெச்.பி.ஓ. மேக்ஸ். 2023 மே மாதம் அரை நூற்றாண்டு மதிப்புள்ள முதல் பாதியை வெட்டிவிட்டு வெறும் மேக்ஸ். 2025 ஜூலையில் மறுபடியும் ஹெச்.பி.ஓ. மேக்ஸ். பெயர்ப்பலகை எழுதுகிறவர்களுக்கு மட்டும் நல்ல வருமானம்.

இவர்கள் முட்டாள்களா? இல்லவே இல்லை. புதுப்பெயர் ஒன்றை மக்கள் மனத்தில் ஏற்ற விளம்பரத்துக்கு ஆகும் செலவு எவ்வளவு என்பது எங்கள் தொழிலிலேயே பார்த்தது. ஏறிய பெயரை எல்லாவற்றுக்கும் பயன்படுத்திக்கொள்வது லாபம். அதோடு, பெட்டி ஒரு தடவை விற்பது. சந்தா மாதா மாதம் வருவது. பெட்டியின் பெயரைத் தேடுகிறவர் சந்தாவின் வாசலில் வந்து விழுந்தால் நல்லதுதானே. இன்னொரு காரணத்தை யாரும் எழுதி வைக்க மாட்டார்கள்: எதை நிறுத்துவது என்று தெரியாதவர் எதையும் நிறுத்த மாட்டார். இது என் சந்தேகம்தான், நிரூபிக்க முடியாது. ஆனால் சேர்வதற்கு ஒரு பொத்தானும் விலகுவதற்கு நான்கு கேள்வியும் இருக்கிற இடத்தில் இந்தச் சந்தேகம் வருவது நியாயம்.

சட்டத்தின் நிலைமை இதைவிட விசித்திரம். டிரேட்மார்க் பதிவில் சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். பெட்டியும் இறக்கிக்கொள்கிற மென்பொருளும் 9-ஆம் வகுப்பு. இணையம் வழி ஒளிபரப்பு 38. பொழுதுபோக்கு நிகழ்ச்சி 41. மூன்றிலும் ஒரே பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் ஒவ்வொரு வகுப்புக்கும் தனியாகக் கட்டணம். இணையத்தில் விண்ணப்பிக்கும் கம்பெனிக்கு வகுப்புக்கு 9,000 ரூபாய். அதாவது கிண்டி அலுவலகத்தில் பணம் கட்டும்போது இவை வேறு வேறு சமாச்சாரங்கள் என்று கம்பெனியின் வக்கீலுக்கு நன்றாகத் தெரியும். டாக்டர்காருவின் வீட்டுக்கு வரும்போது மட்டும் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது.

அடுத்தவன் பெயரைப் போலவே வைத்தால் 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டம் பாயும். குழப்பம் விளைவிக்கும் ஒற்றுமை என்று வழக்குப் போடலாம், தடை வாங்கலாம். ஆனால் தன் பெயரைத் தானே நான்கு பொருளுக்கு வைத்து வாடிக்கையாளரைக் குழப்பினால் வழக்குப் போட யார் இருக்கிறார்கள்? பெயரின் சொந்தக்காரர்தான் வழக்காட முடியும். சொந்தக்காரரே குழப்புகிறவராக இருந்தால் கதவு அடைபட்டது. கம்பெனிகளை ஒன்றிடமிருந்து ஒன்று காப்பாற்றுவதில்தான் என் பணிக்காலம் முழுக்கக் கழிந்தது. வாங்குகிறவர் அந்தக் கோப்புகளில் வந்து போனதெல்லாம், எதிர்த்தரப்பின் பெயரைத் தாக்குவதற்கு ஒரு சாட்சியாக மட்டும்தான்.

கேபிள், டிஷ் பக்கத்தில் கொஞ்சம் ஒழுங்கு உண்டு. 2019 பிப்ரவரியிலிருந்து கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை சொல்ல வேண்டும் என்று டிராய் வைத்தது. அப்போது எல்லோரும் திட்டினோம். ஹைதராபாத்தில் தமிழ்ச் சேனல்களைத் தனியாகப் பொறுக்கி எடுத்துச் சேர்த்ததில் என் வீட்டிலும் புலம்பல்தான். இன்று திரும்பிப் பார்த்தால், எந்தச் சேனலுக்கு எவ்வளவு கட்டுகிறோம் என்று சொல்ல முடிந்த ஒரே பில் அதுதான். ஆப்களின் சந்தாவுக்கு அந்தக் கட்டண விதி கிடையாது.

எதிர்வாதம் ஒன்றை மதிக்கிறேன். வயதானவர்களுக்குப் பத்துப் பெயரைவிட ஒரு பெயர் எளிது என்பார்கள். உண்மை. ஜியோ சினிமாவும் ஹாட்ஸ்டாரும் தனித்தனியாக இருந்ததைவிட ஒன்றானதில் ஓர் ஆப் குறைந்தது என்பதும் உண்மை. ஆனால் முதல் சொல்லில் ஜியோ இருப்பதாலேயே, ஏர்டெல் இணைப்பு உள்ளவருக்கு அது வருமா என்ற கேள்வியும் கூடவே வந்தது. வரும், ஜியோ சிம் வேண்டியதில்லை. இதைப் பெயர் சொல்லாது. பக்கத்து வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

பெயரை மாற்றச் சொல்லவில்லை நான். பெயரோடு இன்னொரு சொல் சேருங்கள் என்கிறேன். எங்கள் பக்கத்தில் தெருக்களுக்கு நம்பர்தான். ஹப்சிகுடாவிலும் ஸ்ட்ரீட் நம்பர் உண்டு, தார்நாக்காவிலும் உண்டு, ஹிமாயத்நகரிலும் உண்டு. சாப்பாடு கொண்டுவருகிற பையன் நம்பரைக் கேட்டதும் வண்டியைக் கிளப்புவதில்லை; எந்த ஏரியா என்று கேட்டுவிட்டுத்தான் கிளப்புவான். அந்த ஒரு சொல்லில் தெருக்குழப்பம் தீர்ந்துவிடுகிறது. ஈடிவி என்றால் சேனல், ஈடிவி வின் என்றால் ஆப். எங்கள் மாடியில் யாரும் அதில் தடுமாறிப் பார்த்ததில்லை. ஹைதராபாத்தில் பிறந்து 2022-ல் தமிழுக்கும் வந்த ஆஹா, தன் பெயரில் பெட்டி விற்று நம்மைப் படுத்தவில்லை. முடியாத காரியம் எதுவும் இதில் இல்லை.

ஆகவே மருந்து அட்டைக்கு 2018-ல் செய்ததைத் திரைக்கும் செய்யட்டும். விளம்பரத்திலும், பில்லிலும், பணம் எடுக்கும் முன் வரும் செய்தியிலும், ஆப்பின் சந்தாப் பக்கத்திலும் வணிகப் பெயருக்குப் பக்கத்தில் அது என்ன பொருள் என்று எளிய சொல்லில் போடட்டும்: பெட்டி, ஆப், மாதச் சந்தா, வாடகைப் படம். மாநில மொழியில் போடட்டும், வணிகப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போடட்டும். புதுப்பெயர் வைக்கும்போது, எங்களுடைய வேறு எந்தச் சந்தாவோடும் இது குழம்பாது என்று படிவம் 51 மாதிரி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடட்டும். மருந்துக் கம்பெனிகள் போடுகின்றன, மூடிவிட்டுப் போகவில்லை.

இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவைப்படாமல் போகலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிகள், வாடிக்கையாளரை ஏமாற்றும் இணைய உத்திகள் 13-ஐப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. சந்தாவில் மாட்டிவைத்து விலக விடாமல் செய்வது அதில் ஒன்று; குழப்பும் வார்த்தைகளால் ஆளைத் திசைதிருப்புவது இன்னொன்று. ஒரே பெயரில் நான்கு சந்தா விற்பது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. அதைப் பதினான்காவதாக வெளிப்படையாக எழுதிவிட்டால் டாக்டர்காரு போன்றவர்களுக்குப் பிடி கிடைக்கும். ஆணையம் தானாக எழுதாது; புகார்கள் குவிந்தால் எழுதும்.

உங்கள் பில்லில் ஒரே பெயர் இரண்டு வரியில் வந்தால், ஒவ்வொரு வரியும் என்ன பொருளுக்கு என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டாலோ, பதில் பில்லைவிடக் குழப்பமாக இருந்தாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.